அழகுக்கலை படிக்க ஆறு மாத டிப்ளமோவா, மகளிர் ஐ.டி.ஐ.யா?

உங்கள் கேள்வியை எனக்குப் புரிந்தபடி ஒருமுறை சொல்லிவிடுகிறேன். மகள் பிளஸ் டூ முடித்துவிட்டாள், அழகுக்கலைதான் படிப்பேன் என்று நிற்கிறாள். ஊரில் ஒரு தனியார் அகாடமி ஆறு மாத 'இன்டர்நேஷனல் டிப்ளமோ'வுக்கு 1,60,000 ரூபாய் கேட்கிறது, கிட்டுக்கு (மேக்கப் சாமான், கருவிகள் உள்ள பெட்டி) தனியாக 25,000. வேலைக்கு நாங்கள் பொறுப்பு, வெளிநாடும் போகலாம் என்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரரோ மகளிர் ஐ.டி.ஐ.யில் இதே படிப்பு காசில்லாமல் கிடைக்கும்போது இது எதற்கு என்கிறார். வளையலை அடகு வைக்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறீர்கள். கேள்வி 'எந்தப் பள்ளி நல்லது' என்று இருந்தாலும் நீங்கள் கேட்பது வேறு. இந்தப் பணத்தைப் போட்டால் என் பெண் நாளைக்குச் சொந்தக் காலில் நிற்பாளா என்றுதான் கேட்கிறீர்கள். அதற்கே பதில் சொல்லப் பார்க்கிறேன்.

என்னைப் பற்றி இரண்டு வரி சொன்னால்தான் என் பேச்சை எவ்வளவு நம்பலாம் என்று உங்களுக்குத் தெரியும். திருச்சியில் பார்லர் நடத்துகிறேன். படித்தது ஐ.டி.ஐ.யில். அப்போது அந்த ட்ரேடுக்கு 'ஹேர் அண்ட் ஸ்கின் கேர்' என்று பெயர், இப்போது 'காஸ்மெட்டாலஜி' ஆகிவிட்டது. அப்புறம் மூன்று வருடம் இன்னொரு அக்காவின் பார்லரில் வேலை, நான்கு வருடம் ஒரு தனியார் அகாடமியில் சொல்லிக்கொடுத்தேன், அதன் பிறகு சொந்தக் கடை. இரண்டு வீட்டுச் சோறும் தின்றவள். ஐ.டி.ஐ. மேல் எனக்குக் கொஞ்சம் பாசம் கூடுதல், அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள். ஸ்பா, மசாஜ் பக்கம் என் கை போனதில்லை என்பதால் அதைத் தொடவில்லை.

முதலில் சந்தேகமில்லாமல் சொல்லக்கூடியது. இந்தியாவில் பியூட்டிஷியனாக வேலை செய்ய ஆளுக்கு லைசென்ஸ் கிடையாது. கடை போட்டால் மாநகராட்சியிலோ நகராட்சியிலோ தொழில் உரிமம் வாங்க வேண்டும், அவ்வளவுதான். கத்தரி பிடிக்கிறவரை யாரும் பரீட்சை வைத்து அனுமதிப்பதில்லை. அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலமும் இத்தனை மணி நேரம் படித்து, தேர்வு எழுதித் தேறினால்தான் காசு வாங்கிக்கொண்டு அடுத்தவர் தலையைத் தொட விடும். கலிஃபோர்னியாவில் அது 1,600 மணி நேரமாக இருந்தது, 2022-இல் 1,000 ஆகக் குறைத்தார்கள். நம் ஊரில் அந்தக் கட்டாயம் இல்லாததால்தான் மூன்று நாள் ஒர்க்‌ஷாப்புக்கும் ஒரு சான்றிதழ், மூன்று மாத வகுப்புக்கும் ஒரு சான்றிதழ், ஓராண்டுப் படிப்புக்கும் ஒரு சான்றிதழ் என்று ஆகிவிட்டது. மூன்றையும் ஃப்ரேம் போட்டுச் சுவரில் மாட்டினால் வாடிக்கையாளர் கண்ணுக்கு ஒரே மாதிரிதான் தெரியும். சொல்லப்போனால் மூன்று நாள் சான்றிதழில்தான் தங்க முலாம் அதிகமாக இருக்கும்.

அதனால் மாதக் கணக்கை விட்டுவிட்டு மணிக்கணக்குப் போடுங்கள். ஐ.டி.ஐ. காஸ்மெட்டாலஜியின் ஓராண்டுப் பாடத்திட்டம் 1,200 மணி நேரம். அதில் 840 மணி செய்முறை, 240 மணி தியரி, மீதி 120 மணி பேச்சு, கம்ப்யூட்டர், வேலைக்குப் போகும் பழக்கவழக்கம் போன்றவை. அழகுக்கலைக்குத் தேர்வு வைத்து டிப்ளமோ கொடுக்கும் அமைப்புகளில் உலக அளவில் பெரிய பெயர் உள்ளது சிடெஸ்கோ, 1946-இல் தொடங்கியது, தலைமையிடம் சூரிச். அதன் டிப்ளமோவுக்கும் 1,200 மணி நேரப் பயிற்சிதான் கேட்கிறார்கள். இப்போது உங்கள் அகாடமிக்கு வருவோம். 'ஆறு மாதம்' என்கிறார்களே, ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் வகுப்பு என்று கேட்டீர்களா? நான் பார்த்த இடங்களில் பெரும்பாலும் தினம் இரண்டு மணி நேரம், வாரத்துக்கு ஐந்து நாள். பண்டிகை விடுமுறை, டீச்சர் வராத நாள் எல்லாம் போக 240 மணி நேரம் தேறினால் பெரிது. அதில் பாதி, டீச்சர் செய்வதைச் சுற்றி நின்று போனில் வீடியோ எடுக்கும் டெமோ. பிள்ளையின் கை வேலை செய்யும் நேரம் 120 மணி. ஐ.டி.ஐ. செய்முறையில் ஏழில் ஒரு பங்கு. 1,60,000 ரூபாயை 240-ஆல் வகுத்துப் பாருங்கள், மணிக்கு 666 ரூபாய் வருகிறது. உங்கள் அகாடமியில் தினம் ஆறு மணி நேரம் வகுப்பு என்றால் இந்தக் கணக்கே மாறிவிடும். என் பதிலும் மாறிவிடும். அதனால் அதை வாயால் சொல்லச் சொல்லாமல் எழுதி வாங்குங்கள்.

மணி நேரத்தையே ஏன் பிடித்துத் தொங்குகிறேன் என்றால், இது கை படிக்கிற தொழில். த்ரெட்டிங்கையே எடுத்துக்கொள்ளுங்கள். ஐம்பது, நூறு ரூபாய் வேலை என்று எல்லோரும் இளக்காரமாக நினைப்பது. நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு (கொரோனாவுக்குப் பிறகு நான் கழுத்தில் மாட்டிச் செய்யத்தான் சொல்லித்தருகிறேன்) இரண்டு கையிலும் வளையம் போட்டு முறுக்க வேண்டும். வலது விரல்கள் விரியும்போது இடது விரல்கள் மூட வேண்டும். முறுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடும்போது முடி வேரோடு வர வேண்டும். புதிதாகப் பழகுகிற கையில் முடி வேரோடு வராமல் பாதியில் அறுந்து வரும். ஐந்தாம் நாளே கரும்புள்ளியாக முளைத்துவிடும். இல்லையென்றால் முறுக்கில் தோல் மாட்டி, கண்ணிமைக்கு மேல் அரிசி அளவு சிவந்துபோகும். நான் படித்தபோது முதலில் நாற்காலிக் கைப்பிடியில் நூலைக் கட்டிப் பழகினோம், அப்புறம் அவரவர் காலில், அப்புறம் பக்கத்தில் இருக்கும் பிள்ளையின் காலில், அப்புறம்தான் புருவம். ஒரு புருவத்தை வில்லாக எடுத்துவிட்டு இன்னொன்றை அதற்கு ஜோடியாகக் கொண்டுவருவதற்குள் வியர்த்துவிடும். நூறு முகமாவது பார்த்த பிறகுதான் பயம் போகிறது. பன்னிரண்டு பேர் சேர்ந்து இரண்டு மாடலைப் பங்கு போட்டுக்கொள்ளும் வகுப்பில் நூறு முகம் எப்படிக் கிடைக்கும்?

என் கடைக்கு வேலை கேட்டு வரும் பிள்ளைகளிடம் ஃபைலை மூடி வைக்கச் சொல்லிவிட்டு நூலைக் கையில் கொடுப்பேன். நானே நாற்காலியில் உட்கார்ந்து, 'என் புருவத்தை எடும்மா' என்பேன். சிலருக்கு அங்கேயே கை நடுங்கும். நல்ல பயிற்சி எடுத்த பிள்ளை முதலில் கையைக் கழுவப் போகும், அப்புறம் பவுடரைத் தேடும், அப்புறம் என் நெற்றித் தோலை எப்படி இழுத்துப் பிடிக்க வேண்டும் என்று எனக்கே சொல்லிக்கொடுக்கும். அந்த மூன்றையும் பார்த்தவுடனே எனக்குப் பாதி முடிவாகிவிடும். எந்த அகாடமி என்று நான் கேட்பதே டீ வந்த பிறகுதான். என்னைப் போன்ற சின்னக் கடைக்காரர்கள் பெரும்பாலும் இப்படித்தான் ஆள் எடுக்கிறோம். செயின் சலூன்களும் சான்றிதழைப் பார்ப்பார்கள், ஆனால் செய்து காட்டச் சொல்லாமல் எடுக்க மாட்டார்கள். எடுத்த பிறகும் தங்கள் முறைப்படி மறுபடி பழக்கித்தான் நாற்காலிக்கு விடுவார்கள்.

அதற்காகச் சான்றிதழே தேவையில்லை என்று சொல்லவில்லை. எது எதற்குச் செல்லும் என்று தெரிந்துகொள்ள வேண்டும். ஐ.டி.ஐ. முடித்தால் கிடைப்பது தேசியத் தொழிற்சான்றிதழ், மத்திய அரசின் திறன் மேம்பாட்டு அமைச்சகத்தின் கீழ் வருவது. அரசு வேலை, ஐ.டி.ஐ.யில் ஆசிரியர் வேலை என்று போக நினைத்தால் இதுதான் முதல் படி. அதற்கு மேல் சி.ஐ.டி.எஸ். என்ற பயிற்றுநர் படிப்பு இருக்கிறது. தனியார் சான்றிதழில் 'கவர்ன்மென்ட் ரெகக்னைஸ்டு' என்று போட்டிருந்தால் எந்த அரசுத் துறை, எந்த எண் என்று கேளுங்கள். பல இடத்தில் காட்டுவது உத்யம் பதிவாக இருக்கும். அது சிறு தொழில் நடத்துகிறவர் தானே ஆன்லைனில் செய்துகொள்ளும் பதிவு. மாவு மில்லுக்கும் அது உண்டு. அங்கே சொல்லிக்கொடுக்கும் பாடத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. ஐ.எஸ்.ஓ. 9001-ம் அப்படித்தான். நிர்வாகம் ஒழுங்காக நடக்கிறது என்பதற்கான சான்று அது, ஃபேஷியல் ஒழுங்காகச் சொல்லித்தருகிறார்கள் என்பதற்கு இல்லை.

'இன்டர்நேஷனல்' என்ற வார்த்தைக்கும் இதே சோதனைதான். சிடெஸ்கோ, லண்டனில் 1878-இல் தொடங்கிய சிட்டி அண்ட் கில்ட்ஸ், இவையெல்லாம் உண்மையான அமைப்புகள், மதிப்புள்ள தேர்வுகள். ஆனால் அகாடமியின் போர்டில் அந்த லோகோ இருப்பது போதாது. அந்த அமைப்பின் இணையதளத்தில் இந்தப் பள்ளியின் பெயர் இருக்கிறதா என்று நீங்களே தேடுங்கள். அப்புறம் மூன்று கேள்வி கேளுங்கள். என் மகளின் பெயரை அவர்களிடம் பதிவு செய்வீர்களா? தேர்வுக் கட்டணம் இந்த 1,60,000-க்குள் இருக்கிறதா, வெளியே இருக்கிறதா? தேர்வு எடுக்க வெளியாள் வருவாரா, நீங்களே எடுப்பீர்களா? கடைசிக் கேள்விக்கு 'நாங்களே எடுப்போம்' என்று பதில் வந்தால் அது அந்த அகாடமியின் சொந்தச் சான்றிதழ். அதிலும் தப்பில்லை, ஆனால் அதற்கு வெளிநாட்டு விலை கொடுக்க வேண்டாம்.

நேரில் போய்ப் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள். அட்மிஷன் பேசுகிற அகாடமி கவுன்சிலர் கூப்பிடும் நேரத்தில் போகாமல் வகுப்பு நடக்கும் நேரத்தில் சொல்லாமல் போங்கள். வரவேற்பறைச் சோபாவை விட்டு உள்ளே போனால் நான் முதலில் பார்ப்பது முடி வெட்டிப் பழகும் பொம்மைகளை, அதாவது டம்மித் தலைகளை. முடி நீளமாக, பளபளவென்று சீவி வைத்திருந்தால் அதை யாரும் வெட்டவில்லை என்று அர்த்தம். ஹேர்கட் சொல்லிக்கொடுக்கிற இடத்தில் டம்மிகள் கோணல்மாணலாக, கிராப்பு வரைக்கும் வந்து பரிதாபமாக நிற்கும். அதுதான் நல்ல சகுனம். அடுத்தது தலை கழுவும் பேசின். காய்ந்து தூசி படிந்திருந்தால் அங்கே யாருக்கும் ஷாம்பு போடவில்லை. குப்பைத்தொட்டியில் வாக்ஸ் ஸ்ட்ரிப்பும் பஞ்சும் கிடக்கின்றனவா? வாக்ஸ் எடுக்கிற குச்சியை ஒருமுறை தோலில் தடவிவிட்டு அதையே திரும்ப டப்பாவில் விடுகிறார்களா, புதுக் குச்சி எடுக்கிறார்களா? துண்டு ஆளுக்கொன்றா, ஒரே துண்டை மடித்து மடித்துப் போடுகிறார்களா? இதையெல்லாம் கேட்டால் 'ஆமாம் மேடம், ஹைஜீனிக்' என்பார்கள். கேட்காமல் பத்து நிமிஷம் நின்று பாருங்கள்.

பாடம் எடுப்பவர் பெயரைக் கேளுங்கள். விளம்பரத்தில் இருக்கும் பிரபல மேக்கப் ஆர்ட்டிஸ்ட் வருடத்துக்கு ஒருமுறை வந்து படம் எடுத்துக்கொண்டு போவார். தினமும் வகுப்பு எடுப்பது போன பேட்ச்சில் படித்த பிள்ளையாக இருக்கலாம். நான் வேலை பார்த்த இடத்திலேயே அது நடந்தது. நாங்கள் மூன்று பேர் அடுத்தடுத்து வேலையை விட்டு நின்றதும், ஐந்து மாதம் முன்பு சேர்ந்த மாணவியை 'ஜூனியர் ஃபேக்கல்டி' என்று கோட் மாட்டி நிறுத்தினார்கள். அப்புறம், வகுப்பு விட்டு வெளியே வருகிற பிள்ளைகளிடம் பேசுங்கள். 'உன் கையால் இதுவரை எத்தனை ஃபேஷியல் செய்திருக்கிறாய், மாடலை யார் கூட்டிக்கொண்டு வர வேண்டும்?' என்று கேட்டால் போதும். மாடலை நீயே கூட்டிவா என்று சொல்கிற இடத்தில் வெளியூரிலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிற பிள்ளைக்குக் கை பழக ஆளே கிடைக்காது.

பாடத்திட்டத்தை ஒப்பிடவும் ஒரு வழி இருக்கிறது. ஐ.டி.ஐ. பாடத்திட்டமும் புத்தகமும் பாரத் ஸ்கில்ஸ் என்ற அரசு இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும். புத்தகத்தைத் தயாரிப்பது சென்னை கிண்டியில் இருக்கும் நிமி என்ற மத்திய நிறுவனம். அதை இறக்கிக்கொண்டு அகாடமியின் பாடப் பட்டியலைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மேக்கப் பெயர்களில் அகாடமி ஜெயித்துவிடும். ஹெச்.டி., ஏர்பிரஷ், கிளாஸ் ஸ்கின் என்று வரிசையாக இருக்கும். ஆனால் தோலின் அடுக்குகள், கிருமி நீக்கம், எந்த ரசாயனம் எதைச் செய்யும், யாருக்கு எதைச் செய்யக் கூடாது என்ற பகுதி ஒரு வரியில் முடிந்திருந்தால் யோசியுங்கள்.

அந்த ஒரு வரி என்ன செய்யும் என்று சொல்கிறேன். நான் சொல்லிக்கொடுத்த காலத்தில் ஹேர் கலரிங்குக்கு இரண்டே நாள் ஒதுக்கியிருந்தார்கள். பேட்ச் டெஸ்ட் என்பது நோட்ஸில் கடைசி வரி. ஒரு மாணவி வார விடுமுறையில் ஊருக்குப் போய் அத்தைக்குக் கறுப்பு டை அடித்துவிட்டாள். மறுநாள் காலை அத்தைக்கு இமை வீங்கிக் கண் திறக்க முடியவில்லை, நெற்றியோரம் முழுக்க நீர் கோத்துக்கொண்டது. ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். கறுப்பு டையில் இருக்கும் பி.பி.டி. என்ற பொருள் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. இதற்கு முன் பத்து தடவை போட்டு ஒன்றும் ஆகாதவருக்குப் பதினோராவது தடவை ஆகலாம். அதனால்தான் காதுக்குப் பின்னாலோ முழங்கை மடிப்பிலோ சொட்டு தடவி 48 மணி நேரம் பார்க்கச் சொல்வது. அந்தப் பிள்ளை மேல் தப்பில்லை. அதைச் செய்ய வைக்காமல் எழுத மட்டும் வைத்த எங்கள் மேல்தான் தப்பு. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

சரி, ஐ.டி.ஐ. என்றால் எல்லாம் சரியாக இருக்குமா என்றால் அதுவும் இல்லை. ஒரு பேட்ச்சுக்கு 24 பேர். ஆசிரியர் பணியிடம் காலியாக இருந்தால் தையல் டீச்சர் வந்து வருகைப்பதிவு எடுத்துவிட்டுப் போவார். பொருள்கள் டெண்டரில் வருவதால் இன்றைக்குக் கடையில் ஓடுகிற பிராண்டுகள் இருக்காது. மணப்பெண் மேக்கப்பில் இப்போது என்ன நடக்கிறது என்பது அங்கே இரண்டு, மூன்று வருடம் தாமதமாகத்தான் வந்து சேரும். பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளைகள்தான் அதிகம் இருப்பார்கள் என்பதால் உங்கள் மகளுக்கு முதலில் கொஞ்சம் சலிப்பாக இருக்கலாம். எந்த மகளிர் ஐ.டி.ஐ. இன்றைக்கு நன்றாக நடக்கிறது என்று இங்கிருந்து நான் பெயர் சொல்வது சரியாக இருக்காது. அது அந்த வருட ஆசிரியரைப் பொறுத்தது. அங்கேயும் போய் டம்மித் தலையைப் பாருங்கள்.

ஆனால் பணக்கணக்கில் ஐ.டி.ஐ.யோடு போட்டி போட முடியாது. அரசு ஐ.டி.ஐ.யில் பயிற்சிக் கட்டணம் இல்லை. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, பஸ் பாஸ், சைக்கிள், சீருடை, பாடநூல் எல்லாம் உண்டு. மகள் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவள் என்றால் 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் தனியாக வரும். வேறு உதவித்தொகை வாங்கினாலும் இதை வாங்கலாம். அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் பிற்பாடு இதை நீட்டித்தார்கள். இரண்டும் கிடைத்தால் ஓராண்டில் உங்கள் கையிலிருந்து 1,85,000 போவதற்குப் பதிலாக 20,000 சொச்சம் உள்ளே வருகிறது. பெண்களுக்கு உச்ச வயது வரம்பும் இல்லை. 'எனக்கும் சேர ஆசை' என்று நீங்களே நினைத்தால் அதற்கும் தடை கிடையாது, விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

குறுகிய காலத்தில், இலவசமாக, தொழில் எப்படி இருக்கும் என்று தொட்டுப் பார்க்க வேறு வழிகளும் உண்டு. பெரும்பாலான மாவட்டங்களில் ஒரு வங்கி நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையம் இருக்கிறது. கர்நாடகத்து உஜிரேயில் 1982-இல் தொடங்கிய மாதிரியை வைத்து நாடு முழுக்க வந்தது. அங்கே பார்லர் பயிற்சி சுமார் ஒரு மாதம், சாப்பாடும் தங்குமிடமும் இலவசம். ஆதிதிராவிடர், பழங்குடியினப் பிள்ளைகளுக்குத் தாட்கோ மூலம் அழகுக்கலை, சிகை அலங்காரப் பயிற்சி அறிவிப்புகள் வரும், மாவட்ட ஆட்சியர் அலுவலகச் செய்தியில் கவனியுங்கள். ஒரு மாதத்தில் முழு பியூட்டிஷியன் ஆக முடியாது. ஆனால் இந்தத் தொழில் தனக்கு ஒத்துவருமா என்று தெரிந்துகொள்ள அது போதும். ஒரு மாதம் கழித்து 'வேண்டாம்மா' என்று மகள் சொன்னால் உங்கள் வளையல் தப்பியது.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. ரீல்ஸில் பார்ப்பது மேக்கப் முடிந்த முகம். தொழிலில் இருப்பது பத்து மணி நேரம் நிற்பது, அடுத்தவர் பாதத்தைத் தேய்ப்பது, வாக்ஸ் சூடு, ஸ்மூத்தனிங் நெடி. எனக்கு இடது காலில் நரம்பு சுருட்டிக்கொண்டு எட்டு வருடம் ஆகிறது. ஊருக்கெல்லாம் லீவு என்றால் எங்களுக்கு வேலை. தீபாவளிக்கு முந்தின நாள் இரவு பதினொரு மணிக்குத்தான் ஷட்டரை இறக்குவேன். காலை ஆறு மணி முகூர்த்தம் என்றால் பொண்ணு வீட்டில் இரண்டு மணிக்குப் பெட்டியோடு இருக்க வேண்டும். ஜடை, பூ, புடவைக் கொசுவம், நகை எல்லாம் சேர்த்து மூன்று மணி நேரமாவது வேண்டும். அந்த நேரத்தில் பெண் பிள்ளையை யார் வண்டியில் கொண்டுபோய் விடுவது என்பதை உங்கள் வீட்டில் இப்போதே பேசிவிடுங்கள். அப்புறம் ஆடியும் மார்கழியும் வரும், மணப்பெண் மேக்கப்பை மட்டும் நம்பியிருப்பவர்களுக்குக் கை காய்ந்துபோகும். கட், கலர், த்ரெட்டிங் தெரிந்தவளுக்கு ஆடியிலும் அரிசி வாங்கக் காசு வரும். அகாடமிகள் ஆடித் தள்ளுபடி போடுவதும் அந்த மாதத்தில் மேக்கப் ஆர்ட்டிஸ்டுகள் வகுப்பு எடுக்கக் கிடைப்பதும் ஒன்றுக்கொன்று தொடர்புள்ள விஷயங்கள்தான்.

'நூறு சதவீத பிளேஸ்மென்ட்' பற்றி. இந்தத் தொழிலில் ஆள் பற்றாக்குறை எப்போதும் உண்டு. நூல் பிடிக்கத் தெரிந்தால் வேலை கிடைக்கும், அதற்கு அகாடமி தேவையில்லை. அதனால் அந்த வாக்குறுதி பொய் இல்லை, ஆனால் அதற்குப் பெரிய மதிப்பும் இல்லை. என்ன சம்பளம் என்பதுதான் கேள்வி. எங்கள் பக்கம் புதிதாக வரும் பிள்ளைக்குப் பத்திலிருந்து பதினைந்தாயிரம் வரை, இன்சென்டிவ் தனி. சென்னையில் கொஞ்சம் கூடும், ஆனால் ஹாஸ்டல் வாடகை தின்றுவிடும். இது நான் கடைக்காரர்களிடம் பேசி வைத்திருக்கும் கணக்கு, ஊருக்கு ஊர் மாறும். முக்கியமாக, ஐ.டி.ஐ. பிள்ளைக்கும் டிப்ளமோ பிள்ளைக்கும் முதல் சம்பளத்தில் பெரிய வித்தியாசத்தை நான் பார்த்ததில்லை. மூன்றாம் வருடத்தில் வித்தியாசம் வரும், அது கையைப் பொறுத்தது.

ஒரு எச்சரிக்கை. சில பேக்கேஜில் 'மெடிக்கல் ஏஸ்தெடிக்ஸ்' என்று சேர்த்து மைக்ரோ நீட்லிங் (தோலில் நுண் ஊசியால் குத்துவது), பி.ஆர்.பி. (ரத்தத்திலிருந்து பிரித்ததை ஊசியில் ஏற்றுவது), லேசர், போடாக்ஸ் என்று ஆசை காட்டுகிறார்கள். ஊசி தோலுக்குள் போனால் அது டாக்டர் வேலை. முடி மாற்று சிகிச்சையை டெக்னீஷியன்கள் செய்யக் கூடாது என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-லேயே வழிகாட்டுதல் கொடுத்துவிட்டது. மூன்று மாதச் சான்றிதழை வைத்துக்கொண்டு உங்கள் மகள் அதைச் செய்து, ஏதாவது ஆகிவிட்டால் போலீஸ் ஸ்டேஷனில் நிற்கப்போவது அவள்தான். அந்த வரிக்காக ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள்.

வெளிநாடு போகலாம் என்று அகாடமியில் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். நான் வெளிநாட்டில் வேலை செய்தவள் இல்லை, விதிகளை வைத்துத்தான் சொல்கிறேன். அமெரிக்காவில் அந்தந்த மாநில லைசென்ஸ் வேண்டும், இங்கே வாங்கிய எந்தச் சான்றிதழும் நேரடியாக அதற்கு ஈடாகாது. வளைகுடா நாடுகளுக்கு என்றால் பெரும்பாலும் செய்து காட்டச் சொல்லி ஆள் எடுக்கிறார்கள், இரண்டு, மூன்று வருட அனுபவம் கேட்பார்கள். மத்திய வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவான ஏஜென்ட்தானா என்று பாருங்கள். ஏஜென்ட் வாங்கக்கூடிய அதிகபட்சக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான். அகாடமியே ஏஜென்ட் வேலையும் பார்த்தால் கவனம்.

இனி, நானாக இருந்தால் என்ன செய்வேன்? ஐ.டி.ஐ.யில் ஓராண்டு சேர்ப்பேன். முடித்ததும் கூட்டம் உள்ள ஒரு பார்லரிலோ செயின் சலூனிலோ ஒரு வருடம் உதவியாளராக விடுவேன். முதல் மூன்று மாதம் தரை கூட்டுவதும் தலை கழுவுவதுமாகத்தான் போகும், பொறுத்துக்கொள்ள வேண்டும். அதற்குள் தன் கை எதில் ஓடுகிறது என்று அவளுக்கே தெரிந்துவிடும். முடியா, மேக்கப்பா, நகமா? அப்போது அந்த ஒன்றில் மட்டும், யாருடைய வேலையைப் பார்த்து அவள் வியக்கிறாளோ அவரிடம் இரண்டு, மூன்று வாரச் சிறப்பு வகுப்புக்குப் பணம் கட்டுவேன். அந்த முப்பது, நாற்பதாயிரம் உண்மையில் வேலை செய்யும், ஏனென்றால் கேட்க வேண்டிய கேள்விகள் அவளிடம் இருக்கும். சொந்தமாகத் தொடங்கும்போது மத்திய அரசின் முத்ரா கடன் திட்டத்தில் 50,000 ரூபாய் வரை 'சிசு' கடன், அதற்கு மேல் ஐந்து லட்சம் வரை 'கிஷோர்' என்று அடமானமில்லாமல் வங்கியில் கேட்கலாம். தொழிற்சான்றிதழும் ஒரு வருட வேலை அனுபவமும் இருந்தால் மேனேஜரிடம் பேச வாய் வரும்.

மாறாக, மகளிர் ஐ.டி.ஐ. தினம் போய்வர முடியாத தூரம், ஹாஸ்டலும் இல்லை, அகாடமியில் தினம் ஐந்து மணி நேரத்துக்குக் குறையாமல் வகுப்பு, மாடலை அவர்களே ஏற்பாடு செய்கிறார்கள், பேட்ச்சில் பத்துப் பேருக்கு மேல் இல்லை, வெளித்தேர்வு உண்டு என்றால் அகாடமியில் சேர்ப்பதில் தவறில்லை. அப்போதும் ஒரே தவணையில் பணம் கட்டாதீர்கள். மாதத் தவணை கேளுங்கள். 18 சதவீத ஜி.எஸ்.டி. இந்தத் தொகைக்குள்ளேயா வெளியேயா என்று கேளுங்கள். பாதியில் நின்றால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதை ரசீதின் பின்னாலாவது எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். 'இன்றைக்கே கட்டினால் இருபதாயிரம் குறைவு' என்று சொன்னால் வீட்டுக்கு வந்துவிடுங்கள், அடுத்த வாரமும் அதே இருபதாயிரம் குறையும். பின்னால் தகராறு வந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் சொல்ல அந்த ரசீதுதான் கையில் இருக்கும்.

கடைசியாக அந்த 25,000 ரூபாய் கிட். வேண்டாம். அதில் பாதி, தேதி முடியப்போகிற ஃபவுண்டேஷனும் உங்கள் மகள் இரண்டு வருடத்துக்குத் தொடாத ஐஷேடோ பெட்டியுமாக இருக்கும். முதல் ஆறு மாதத்துக்குத் தேவை த்ரெட்டிங் நூல் ஒரு பெட்டி, நல்ல கத்தரி ஒன்று, வால் சீப்பு, செக்‌ஷன் கிளிப் ஒரு டஜன், துண்டு ஆறு, ஏப்ரன், ஒரு டம்மித் தலை. கத்தரியில் மட்டும் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். மற்றதெல்லாம் உங்கள் ஊர் காஸ்மெட்டிக்ஸ் மொத்தக் கடையிலேயே கிடைக்கும். அந்தக் கத்தரியால் வீட்டில் யாரும் காகிதம் வெட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.